பஸ் ட்யூபில் அடைத்த காற்று

அந்த வீட்டில் அப்பாவும் மூத்த மகளும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், அம்மாவின் வாய் வழியாக.

"அவளுக்கு டீ வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. அவள் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"வேணாம்னு சொல்லும்மா" என்பாள் மூத்தவள்.

"குடுன்னு சொல்றா" என்று அம்மா இரண்டு டம்ளரிலும் ஊற்றுவாள்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும். இன்று புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் கணவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இரண்டு மாதமாகிறது. அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனான், அவ்வளவுதான். அவள் ஜன்னல் வழியாகப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்து நேராக இங்கே வந்து சேர்ந்தாள். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பி, "பூட்டுறது பத்திரத்துக்குத்தான்னு அவளுக்குத் தெரியாதான்னு கேளு" என்றார். அன்று மகளிடம் பேச்சை நிறுத்தியவர்தான்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலை பார்த்த காலமெல்லாம் 'ஓட்டுநரிடம் பேசக்கூடாது' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து பழகியவர், வரும்போது அதையும் கழற்றிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டிவிட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அம்மா ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மூத்தவள் வந்த புதிதில் அடுப்படியில் நின்று அழுதாள். அப்போது அம்மா கிட்டே வந்து, "உங்கப்பா நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? இது அவ வீடு, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்னாரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதே, கூச்சப்படுவாரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த இரண்டு மாதத்தையும் ஓட்டினாள். கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் மறுபடி சேர்ந்தாள். அப்பா வாயிலிருந்தே அதை ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், பிறகு யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

சனிக்கிழமை. கடையில் ஒரு பெரியவருடைய லென்ஸின் ஓரத்தை மூத்தவள் அரைத்துக்கொண்டிருந்தபோது எங்கோ தடார் என்று ஒரு சத்தம். அரைக்கும் சக்கரம் முனகி நின்றது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். சாயங்காலம் ஆகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

"இருட்டுல உட்கார்ந்து என்ன பண்றது, வீட்டுக்குப் போம்மா" என்றார் கடைக்காரர்.

அவளுக்கு உடனே வக்கீல் ஞாபகம் வந்தது. நடையை எட்டிப் போட்டாள்.

வக்கீல் என்பது ஒரு மீன். ஆஸ்கர் மீன். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தாலும் மேலே வால் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. ஓயாமல் வாயைத் திறந்து மூடிக் கண்ணாடிக்கு அப்பால் யாரிடமோ வாதாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். முன்னறையில் டிவி இருந்த இடத்தில் இப்போது அதன் தொட்டி. காலையில் எழுந்ததும் அப்பா முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார். "என்ன சார், கேஸ் எப்படிப் போகுது?" என்று கேட்பார். மகளிடம் பேசாத வாய் மீனிடம் பேசுவதைத் தினமும் கேட்டுக்கொண்டேதான் மூத்தவள் தலை வாரிக்கொள்வாள்.

"வக்கீல் வந்த கதை தெரியுமா? நீ கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு உங்கப்பாதான் போய் வாங்கிட்டு வந்தாரு" என்று அம்மா முன்பொரு தரம் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த மீனைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகும்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா விசிறியை வைத்துக்கொண்டு தொட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"மூச்சு வாங்குதுடி, பாவம். எனக்கு வேற என்ன தெரியும்?"

சிரிப்பதற்கு நேரமில்லை. பம்பு நின்று, குமிழி நின்று, தண்ணீர் அசையாமல் கிடந்தது. வக்கீல் மேலே வந்து வாயை நீர்மட்டத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தது. செவுள் படபடவென்று அடித்தது. அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பேட்டரி பம்பு பக்கத்தில் திறந்து கிடந்தது. பேட்டரி பொங்கி உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அப்பா எங்கே?"

"டயர் கடைக்கு ஓடினாரு. எதுக்குன்னு சொல்லலை. எதைத்தான் சொல்றாரு?"

மூத்தவள் சொம்பை எடுத்தாள். தொட்டித் தண்ணீரையே மொண்டு கை உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாள். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். மொண்டு ஊற்றி, மொண்டு ஊற்றித் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆயிற்று. வக்கீல் தண்ணீர் விழும் இடத்துக்கே வந்து நின்றுகொண்டது.

அப்பா வந்தார். இரண்டு தோளிலும் மாலைபோல் இரண்டு பழைய பஸ் ட்யூப், கையில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பு. டயர் கடையிலும் கரண்ட் இல்லை. அங்கே கம்ப்ரஸரில் மிச்சமிருந்த காற்றை ஒரு ட்யூபில் அடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸோடு வாழ்ந்தவருக்குக் காற்று என்றால் ட்யூபுக்குள் இருப்பதுதான் காற்று.

மகளைப் பார்த்ததும் நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு."

மூத்தவள் தள்ளி நின்றாள். அப்பா ட்யூபின் வால்வு ஊசியைக் கழற்றிக் கட்டைவிரலால் வாயை அடைத்தார். தொட்டியின் மெல்லிய ரப்பர் குழாயை அதில் செருகி, சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி நூலால் இறுக்கினார். குழாயை மடித்துத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டி அம்மாவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் கொஞ்சமா விடணும். நூலு மாதிரி."

அம்மா இரண்டு விரலால் வாங்கினாள். கிளிப் நழுவியது. அடைத்திருந்த காற்றில் பாதி ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாய்ந்தது. தண்ணீர் பொங்கிச் சுவரில் அடித்தது. வக்கீல் மிரண்டு கண்ணாடியில் மோதிக் கீழே போய்ச் சாய்ந்தது.

"நீ விடு" என்றார் அப்பா. "பாப்பா, நீ பிடி."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு நொடி மூவருக்குமே புரியவில்லை. சொன்னவருக்கும்கூட. மூத்தவள் கிளிப்பை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் அமுக்கு. ஆங். அப்படியே வச்சுக்கோ."

"இப்படியாப்பா?"

"அப்படித்தான். இதுக்கு மேல திறக்காதே. காத்து வீணாப் போயிடும்."

தொட்டிக்குள் குழாயின் முனையில் கிடந்த காற்றுக் கல்லிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசை பிடித்து ஏறின. பாப்பா என்று அவர் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! லென்ஸ் பிடித்துப் பழகிய விரல் அது, மயிரிழை அசையவில்லை.

அதன் பிறகு வேலைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு ட்யூபின் காற்று தொட்டிக்குப் போகும்போது இன்னொன்றில் காற்றடிக்க வேண்டும். முதலில் அப்பா மிதித்தார், முட்டி வலித்தது. பிறகு அவள் மிதித்தாள், அவர் கிளிப்பைப் பிடித்துக்கொண்டார். ட்யூப் மாற்றும்போது நாலு கையும் ஒன்றாக வேண்டியிருந்தது.

"காலை முழுசா ஊனி மிதி. நுனிக்கால்ல மிதிச்சா மாடி ஏறுற மாதிரி வலிக்கும்."

"உங்களுக்கு வலிக்கலையா?"

"எனக்கென்ன, க்ளட்ச் மிதிச்ச காலு."

அவர் அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்கூட. மூத்தவள் அந்தச் சிரிப்பைப் பார்க்காத மாதிரி குனிந்து மிதித்தாள், எங்கே பார்த்தால் உள்ளே இழுத்துக்கொள்வாரோ என்று.

அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"நீ போய்க் குளிச்சிட்டு வாயேன், நான் பிடிக்கிறேன்."

"வேணாம்மா."

"என்னங்க, நீங்களாவது கொஞ்சம் படுங்களேன்."

"மீன் செத்தா படுக்கிறேன்."

அம்மா அடுப்படிக்குப் போவாள், வருவாள். இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நிற்பாள். ஒருத்தர் பேச ஆரம்பித்தால் இடையில் புகுந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். களைப்பு என்று மூத்தவள் நினைத்தாள். நாம் பேசிக்கொள்வதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம், என்ன செய்வதென்று தெரியாமல் அலைகிறாள் என்றும் நினைத்தாள்.

வெயில் சாயும் நேரம் வக்கீல் கீழிருந்து எழுந்தது. நடுத் தண்ணீருக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடி ஓரம் நின்று வாதாடத் தொடங்கியது.

"பொழைச்சுக்கிட்டான்" என்றார் அப்பா. "நீ இல்லேன்னா இன்னைக்கு நான் ஒத்தையா என்ன பண்ணியிருப்பேன்?"

இதற்கு மேல் எதற்குக் காத்திருப்பது? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மூத்தவள் காற்றில் விட்டாள்.

"அப்பா, நீங்க அன்னைக்குச் சொன்னதை அம்மா என்கிட்ட சொல்லிட்டா. கோவிச்சுக்காதீங்க. அது இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியலை."

"எதை?"

"இது என் வீடுன்னு. எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்னு."

அப்பா கிளிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எப்ப சொன்னேன்?"

"கூச்சப்படாதீங்கப்பா."

"இதுல கூச்சம் என்ன இருக்கு? நான் அப்படிச் சொல்லவேயில்லை. நீதானே தப்பு உன் மேலதான்னு சொல்லி அனுப்பினே? அவர் வந்து கூப்பிட்டா போயிடறேன்னு? அதை நம்பித்தானே நான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். நாளைக்குக் காலைல வர்றாரு."

பம்பின் மேல் இருந்த கால் அப்படியே நின்றது.

"நான் சொன்னேனா? யார்கிட்ட?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருவரும் ஒரே சமயத்தில் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விசிறி இன்னும் கையிலேயே இருந்தது.

"என்னைப் பார்த்தா?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் உர்ருன்னு இருந்தா நான் எங்கே போறது? வகுப்புல ரெண்டு பிள்ளைங்க சண்டை போட்டா நான் இப்படித்தான் பண்ணுவேன். அவன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டான்னு இவன்கிட்ட சொல்லுவேன், இவன் கேட்டுட்டான்னு அவன்கிட்ட சொல்லுவேன். மணி அடிக்கிறதுக்குள்ள ரெண்டும் தோள்ல கை போட்டுக்கிட்டு வெளியே போகும். ஒரு தடவையாவது தப்பினதில்லை."

"நான் ஒண்ணாம் கிளாஸா படிக்கிறேன்?"

"உனக்கும் இதமா ஒரு வார்த்தை, அவருக்கும் இதமா ஒரு வார்த்தை. யாருக்கு என்ன கெடுதல் பண்ணிட்டேன்?"

"நாளைக்குக் காலைல வர்றாரும்மா அவரு. என்னைக் கூட்டிட்டுப் போய்ப் பூட்டி வைக்க வர்றாரு."

"அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். அதுதான் மூத்தவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு கெட்ட எண்ணம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த வீட்டில் தனக்குக் கிடைத்த நல்ல சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பரீட்சையில் தோற்றபோது அப்பா திட்டவில்லை, வருத்தப்பட்டார் என்று அம்மா சொன்னது. கல்யாணத்தன்று அப்பா தனியாகப் போய் அழுதார் என்று அம்மா சொன்னது. எது அவர் சொன்னது, எது அம்மா சேர்த்தது? ஒன்றையாவது அவர் வாயால் அவள் கேட்டிருக்கிறாளா?

"அப்போ இந்த மீன்?" என்று அம்மாவைக் கேட்டாள். "நான் போனதும் வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு அப்பா வாங்கினாருன்னு சொன்னியே?"

அப்பாதான் பதில் சொன்னார்.

"டிப்போ மெக்கானிக் வீடு மாத்தினான். தொட்டியோட என் தலையில கட்டிட்டான்."

மூத்தவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். "சரிப்பா. அம்மா சொன்னது எல்லாம் போகட்டும். இப்ப நான் கேட்கிறேன், நீங்களே சொல்லுங்க. நான் இங்கே இருக்கட்டுமா?"

அப்பா தொட்டியைப் பார்த்தார். ட்யூபைத் தடவிப் பார்த்தார். அது தொய்ந்து போயிருந்தது.

"காத்து குறையுது" என்றார்.

அவள் மிதித்தாள். மீன் பாவம், அது என்ன செய்யும்? பம்பு கிறீச் கிறீச் என்று முனகியது. ட்யூப் மாற்றும் நேரம் வந்தபோது மறுபடி நாலு கையும் ஒன்றாகச் சேர்ந்தன, விரலோடு விரல் இடித்தது. எழுந்து போய்விடலாம் என்றால் முடியாது. விட்டால் வக்கீல் செத்துவிடும். இத்தனை கேவலத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் ஒரு குழாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் ஆக வேண்டியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரண்ட் வந்தது. தெருவில் யாரோ விசிலடித்தார்கள். ஃபேன் சுற்றியது, பம்பு உறுமியது, தொட்டி முழுக்கக் குமிழி கிளம்பியது. ஃபில்டரின் சுவிட்சை மட்டும் அப்பா போடவிடவில்லை. நாள் முழுக்க அடைபட்டு நின்ற தண்ணீர் அதற்குள் நாறிப்போயிருக்கும், அப்படியே ஓட்டினால் அந்த அழுக்கு மீனைக் கொன்றுவிடும். அதைக் கழற்றிக் கொல்லையில் வைத்துப் பஞ்சு பஞ்சாகப் பிழிந்து அலசி மாட்டினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன் விஷயத்தில் அவர் அவ்வளவு கவனமானவர்.

மூத்தவள் ட்யூப்களைச் சுருட்டி வைத்தாள். குதிகால் கன்றிப்போயிருந்தது.

அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"காலைல மாப்பிள்ளை வந்துடுவாரு. அவளைப் பையைக் கட்டி ரெடியா இருக்கச் சொல்லு."

மூத்தவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அப்பா உன்னைச் சாப்பிட்டுட்டுப் படுக்கச் சொல்றாரு. எதுவா இருந்தாலும் காலைல பேசிக்கலாமாம்."

நடந்ததெல்லாம் நடந்த பிறகும்! மூத்தவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் போக மாட்டேன். அப்பாகிட்ட இதை அப்படியே சொல்லும்மா. ஒரு எழுத்துகூட மாத்தாம சொல்லு."

அம்மா மகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் திடீரென்று மிகவும் வயதானதாகத் தெரிந்தது.

"சரிங்கிறா" என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்து மகளை ஒரு தரம் நேராகப் பார்த்தார். இன்ஜினில் ஒரு நட்டு லூஸானால் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுகிற காது அவருக்கு. இந்த வயதிலும் அதில் ஒரு பழுதும் இல்லை.

"நல்லது" என்றார்.

அலமாரி மேலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி நின்றார். மறுமுனை எடுத்தது.

"மாப்பிள்ளை, நான்தான். விடிஞ்சதும் கிளம்பி வந்துடுங்க. ஆமா, சம்மதிச்சுட்டா. இல்லையில்லை, அவங்கம்மா சொல்லலை. இப்பத்தான், என் காதாலேயே கேட்டேன்."